ஏரா வேலைக்குப் படகைத் தூக்கும்போது

61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத்தான். ஆனால் தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை ஃபைபர் படகின் ஏராவை, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை, பார்க்கவும் அந்த வெயில் நாட்களே தோது. மணலில் இழுத்து ஏற்றும் படகில் முதலில் தேய்வது ஏரா. மேல்பூச்சு போய் உள்ளிருக்கும் கண்ணாடி நார் தெரிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது. பூசுகிற வேலையை எல்லாரும் கவனமாகச் செய்கிறார்கள். ஆளை நசுக்கக்கூடிய தூக்கும் வேலையைத்தான் அவசரத்தில் முடிக்கிறார்கள்.

என்ஜின், வலை, ஐஸ்பெட்டி, டீசல் கேன் எல்லாம் இறங்கட்டும். அடியில் தேங்கிய நீரையும் வடியுங்கள். 200 லிட்டர் நீர் 200 கிலோ. படகு சாயும்போது அத்தனையும் ஒரே பக்கம் ஓடும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் டிராக்டரைக் கழற்றிவிட்டு அணியத்தை (படகின் முன்பக்கத்தை) தூக்கினால் பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். டிரெய்லரின் முன்கம்பி எகிறும், படகு பின்னே வழுக்கும். டிராக்டர் பூட்டியபடியே இருக்கட்டும். சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை முதலில் தூக்குங்கள்.

மணலில் ஜாக்கி புதையும். மணலைச் சமப்படுத்தி, நனைத்து இறுக்கி, இரண்டடிச் சதுரத்தில் தடித்த பலகை போடுங்கள். ஜாக்கித் தலை நேராக ஏராவில் பட்டால் ஃபைபர் நொறுங்கும், நடுவே மரத்துண்டு வேண்டும். இரண்டு அங்குலம் ஏற்று, கட்டை அடுக்கு, மறுபடி ஏற்று. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். அடுக்கின் உயரம் அதன் அகலத்தைத் தாண்ட வேண்டாம். தென்னந்துண்டு பிளக்கும், பனையோ கருவேலமோ நல்லது. ஹாலோ பிளாக் முன்னறிகுறி காட்டாமல் உடையும், அதைத் தொடவே தொடாதீர்கள்.

பின்பக்கம் அடுக்கில் உட்கார்ந்ததும் படகைப் பின்னால் ஆழ ஊன்றிய முளையில் கட்டி, சக்கரக் கட்டையை எடுத்து டிரெய்லரை ஆள்நடை வேகத்துக்கும் குறைவாக முன்னே இழுங்கள். இடம் விடவிட நடு ஏராவுக்கு அடுக்கு, கடைசியில் அணியத்துக்கு. ஜாக்கியிலோ செயின் பிளாக்கிலோ மட்டும் நிற்கும் படகுக்கடியில் கைகூட நீட்டக் கூடாது.

பாரம் முழுவதையும் ஏராதான் தாங்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. உள்ளே குறுக்குச் சட்டம் உள்ள இடத்துக்கு நேராக வையுங்கள், இல்லையென்றால் பக்கம் உள்வாங்கும். எதிரெதிர் முட்டுகளை அடியில் கயிற்றால் பிணைத்தால் வெளியே வழுக்காது. மழை பெய்த மறுநாள் முட்டுகளை இறுக்கிய ஆப்புகளைத் தட்டிப் பார்க்காமல் யாரும் கீழே போக வேண்டாம்.

இனி, பலர் மறப்பது: கட்டைக்கு மேலிருக்கும் ஏராவில் வேலை நடக்காது. பழுது அங்கேயும் ஒளிந்திருக்கலாம்! அடுக்கு நின்ற இடங்களை விளிம்பில் சாக்பீஸால் குறித்துவிட்டு, அடுக்கை இடம் மாற்றி இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். புது அடுக்கு பாரம் வாங்கிய பிறகே பழையதை உருவலாம். புதிதாக ஒட்டிய இடத்தின்மேல் ஒரு வாரம் பாரம் ஏற்றாதீர்கள்.

மரச்சுத்தியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பிரிந்ததைத் தேய்த்தெடுத்து, நன்னீரில் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒரு சதுர மீட்டருக்கு ரெசின் (ஒட்டும் பிசின்) ஏறத்தாழ ஒரு கிலோ. ரெசின் கிலோவுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) நம் வெயிலுக்குப் போதும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியே சேர்ப்பதானால் முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.