எதிர்வீட்டுத் தண்ணீர்

"வாசலில் வேப்பிலை செருகினோம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் டெங்கு வரவில்லை. இது ஆதாரம் ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஆகாது. வேப்பிலை செருகாத எதிர்வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவே இல்லையே!

எதிர்வீட்டைத் தேடிப்போனவர், காலரா தண்ணீரால் பரவுகிறது என்று வாதாடிய லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. 1854-இல் காலரா பரவியபோது பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியை அவர் கழற்றவைத்த கதை பலருக்கும் தெரியும். எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. செப்டம்பர் 8-இல் கைப்பிடி கழன்றது. சாவுகள் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன. ஸ்நோவே அதை ஒப்புக்கொண்டார்.

அவருடைய அசல் வாதம் லண்டன் நடுவே ஓடும் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. அங்கே இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவில் குழாய் பதித்திருந்தன. ஒரு வீட்டுக்கு இந்தக் கம்பெனித் தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு அந்தக் கம்பெனித் தண்ணீர். ஏழை பணக்காரர் வித்தியாசம் கிடையாது. 1852-இல் லாம்பெத் கம்பெனி மட்டும் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்புறம், தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. சதர்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி, நகரத்துச் சாக்கடை கலக்கும் பேட்டர்சியிலேயே எடுத்தது. காலராவுக்குக் கெட்ட காற்றுதான் காரணம் என்று ஊரே நம்பிய காலம் அது. இங்கேயோ தெரு ஒன்று, காற்று ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. சாவு விழுந்த வீட்டில் போய்க் கேட்டால், எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று குடியிருப்பவருக்கே பல நேரம் தெரியவில்லை. கட்டணத்தை வீட்டுச் சொந்தக்காரர் கட்டிவிடுவார்.

ஸ்நோ ஒரு சிறு குப்பியில் தண்ணீர் பிடித்துவந்து வெள்ளி நைட்ரேட் விட்டார். பள்ளி ஆய்வகத்தில் குளோரைடு சோதனைக்கு நீங்களும் விட்டிருப்பீர்கள். தண்ணீரில் உப்பு இருந்தால் தயிர்போல வெள்ளையாகத் திரியும். பேட்டர்சி வரை கடலின் ஓதம் (கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறும் நீர்) ஏறிவரும், கூடவே உப்பும். டெடிங்டன் அணையைத் தாண்டி ஓதம் ஏறாது. தேம்ஸ் டிட்டன் அதற்கு மேலே இருக்கிறது. ஒரு கேலன் (சுமார் நாலரை லிட்டர்) லாம்பெத் நீரில் 0.95 கிரெயின் (அக்காலத்துச் சிறு எடை அளவு) உப்பு, மற்றதில் 37.9. ஏறத்தாழ நாற்பது மடங்கு! வீட்டில் இருப்பவருக்குத் தெரியாததைச் சில சொட்டுகளில் தண்ணீரே சொல்லிவிட்டது.

ஏழு வாரக் கணக்கில் 10,000 வீடுகளுக்குச் சதர்க்-வாக்ஸ்ஹால் பக்கம் 315 சாவு. லாம்பெத் பக்கம் 37. இப்படி வாசல் வாசலாக ஏறி இறங்கும் களப்பணிக்குப் பணம் ஒதுக்கத்தான் நம்மூரில் எளிதில் மனம் வருவதில்லை.

வேப்பிலை வாசகர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டட்டும். காய்ச்சல் வந்ததா என்று கேட்பதோடு, இரண்டு வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மூடி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு எனக்கு எழுதட்டும்.