எபிஜெனடிக்ஸ்: மேல்மரபியலா, மேல்மரபணுவியலா?

மரபணுவின் வரிசை மாறாமலே அதன் இயக்கம் மாறுவதை ஆராயும் துறை எபிஜெனடிக்ஸ். அச்சொல்லைத் தமிழில் சிலர் மேல்மரபியல் என்றும், சிலர் புறமரபியல் என்றும் எழுதுகிறார்கள். ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிடுவோரும் உண்டு. மனநோயைப் பற்றிப் பேசும்போது இவற்றுள் எதை எடுக்கிறோம் என்பதில் கவனம் தேவைப்படுகிறது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று பிரிந்து கிடக்கும் வடஆர்க்காட்டுப் பகுதியில், பெண் பார்க்கப் போவதற்கு முன் அக்கம்பக்கத்தில் மெல்ல விசாரிப்பார்கள்; "அவங்க பரம்பரையில யாருக்காவது புத்தி சரியில்லாம இருந்திருக்கா?" என்ற கேள்வி அதில் தவறாமல் வரும். மரபு என்றாலே பரம்பரை என்று கேட்டுப் பழகிய காதுக்கு, மேல்மரபியல் என்பது அந்த அச்சத்துக்கு அறிவியல் முத்திரை குத்துவதுபோல ஒலித்துவிடக்கூடும். இத்துறை கண்டிருப்பதோ பெரும்பாலும் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

கிரேக்க மொழியில் 'எபி' என்றால் மேல், மீது என்று பொருள். பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் 1942-இல் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கரு என்பது முன்கூட்டியே உறுப்புகள் அமைந்த சிற்றுடல் அன்று, படிப்படியாகவே உருவாகிறது என்னும் கருத்து அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே உண்டு. அதற்கு வழங்கிய எபிஜெனிசிஸ் என்ற பெயரையே அவர் மரபணுக்களின் ஆய்வோடு இணைத்தார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது 1953-இல்தான் என்பதால், இன்று நாம் சொல்லும் வேதியியல் பொருள் அவர் மனத்தில் இருந்திருக்க முடியாது. டி.என்.ஏ.வின் மீது ஒட்டும் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று 1975-இல் ராபின் ஹாலிடே ஒருபுறமும் ஆர்தர் ரிக்ஸ் ஒருபுறமும் தனித்தனியே முன்மொழிந்த பிறகே, 'மேல்' என்ற முன்னொட்டுக்கு மரபணுவின் மேல் என்ற நேர்ப்பொருள் அமைந்தது.

அந்த நேர்ப்பொருளை விளக்கத் தமிழெழுத்தே போதும். க என்னும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் க் ஆகிறது. எழுத்தின் உருவம் மாறுவதில்லை, ஆனால் அதிலிருந்த அகர ஒலி அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ.வின் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மெத்தில் ஏறும்போதும் இதுதான் நடக்கிறது: மரபணுவின் வரிசை அப்படியே இருக்க, அது பெரும்பாலும் அடங்கிப்போகிறது. டி.என்.ஏ. இழை சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் ஏறும் அசெட்டைல் தொகுதிகள் இதற்கு மாறாக, சுருண்ட இழையைத் தளர்த்தி மரபணு இயங்க இடம் தருகின்றன. ஒரே டி.என்.ஏ.வைக் கொண்டு கல்லீரல் செல் கல்லீரலாகவும் நரம்பு செல் நரம்பாகவும் இருப்பது இத்தகைய மேற்குறிகளால்தான்.

மனநோய்க்கு வருவோம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தால், மற்றவருக்கும் அது வருவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதனினும் குறைவாகவோதான். மரபணு மட்டுமே விதியாக இருந்தால் இந்தக் கணக்கு வராது. மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஷிஃபும் தம் குழுவினருடன் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. தாய் எலி நன்றாக நக்கிப் பேணி வளர்த்த குட்டிகளின் மூளையில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனை உணர்ந்து அடக்கும் ஏற்பி என்னும் புரதத்தின் மரபணுவில் மெத்தில் குறைவாக இருந்தது. சரியாகப் பேணப்படாத குட்டிகளிடம் அது மிகுந்திருந்தது, அவை வளர்ந்த பின்னும் எளிதில் மிரண்டன. குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தபோது, பெற்றவளைப் பின்பற்றாமல் வளர்த்தவளைப் பின்பற்றியே அக்குறிகள் அமைந்தன. சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையில் அதே ஏற்பி மரபணுவில் மெத்தில் மிகுந்திருந்ததாக 2009-இல் அக்குழுவினர் அறிவித்தார்கள். எலியில் கண்டதை மனிதருக்கு ஒரே தாவலில் ஏற்றிச் சொல்லும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆயினும் இந்த ஒற்றுமையைப் புறந்தள்ள இயலாது.

கருவிலிருக்கும் காலமும் கணக்கில் வருகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின் உச்சத்தில் கருவாகிப் பிறந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. அப்பஞ்சத்தின்போது கருவானவர்களின் இரத்தத்தில், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சில மெத்தில் குறிகள் மாறியிருந்தன என்று 2008-இல் தெரியவந்தது. இரண்டும் அடுத்தடுத்து உண்மையாக இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. நம் பக்கத்திலும், வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் 1969-73இல் பிறந்தவர்களை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, பிறந்தபோதிருந்த எடைக்கும் பின்னாளைய சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவைப் பார்த்திருக்கிறார்கள். கருவின் ஊட்டம் ஆயுள் முழுதும் தொடருமா என்ற அதே கேள்விதான் அங்கும்.

இந்தக் குறிகள் பிள்ளைகளுக்குப் போகுமா என்பதே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்க விரும்புவது. விந்தும் முட்டையும் உருவாகும்போது ஒருமுறையும், கருவுற்ற உடனே மறுமுறையும் பெரும்பாலான மெத்தில் குறிகள் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. தாயின் துயரம் இந்த வழியாகப் பேரப்பிள்ளைகள்வரை இறங்குகிறது என்பது மனிதரிடம் நிறுவப்படவில்லை. ஆகவே, மரபு என்று நின்றுவிடாமல் மரபணு என்பதை வெளிப்படையாகச் சொல்லும் மேல்மரபணுவியல் என்ற வடிவமே என் தேர்வு. 'மேல்' என்பதை மேற்படிப்பு, மேல்நிலைப் பள்ளி என்பதுபோல உயர்ந்தது என்று கொள்ளும் ஆபத்து இதிலும் இருக்கிறது. முதன்முறை எழுதும்போது 'மரபணுவின் மேலமையும் குறிகளைப் பற்றிய இயல்' என்று ஒரு வரி சேர்த்தால் அது தீரும். புறமரபியல் என்பதை நான் ஏற்பதில்லை. அக்குறிகள் செல்லின் உட்கருவுக்கு உள்ளேதான் இருக்கின்றன.

வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் உடன்தங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய இடங்களில் குடும்ப வரலாறு கேட்கப்படும்போது, அப்பா வழியா அம்மா வழியா என்று இருபுறத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த வரலாறு மருத்துவருக்குத் தேவையானதுதான். அதில் வரும் பதில் தீர்ப்பு அன்று. இரத்தத்தில் மெத்தில் அளந்து இன்னார்க்கு மனநோய் வரும் என்று சொல்லும் நம்பகமான சோதனை எதுவும் இன்று இல்லை, ஏனெனில் இரத்த செல்லின் குறியும் மூளை செல்லின் குறியும் ஒன்றல்ல. இருமுனை மனநோய்க்கும் வலிப்புக்கும் நெடுநாளாகக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் மாத்திரை, ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைலை நீக்கும் நொதியைத் தடுக்கிறது என்பது 2001-இல் கண்டறியப்பட்டது. மனநிலையை அது சீராக்குவது இதனால்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை.