கொப்பி புரொடெக்ஷன்: "நகல் பாதுகாப்பு" இல்ல, படியெடுப்புத் தடை

ரீவி மெனுவுல, ப்ளேயரோட வாற கையேட்டுல, ஹோம் தியேட்டர் பத்தி வீடியோ போடுற ஆக்கள்ற வாயில எண்டு எங்க பாத்தாலும் கொப்பி புரொடெக்ஷனுக்கு "நகல் பாதுகாப்பு" எண்டுதான் தமிழ். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. கல்முனையில ஒரு கடையில 4கே எண்ட மிகத் தெளிவான படம் போடுற ப்ளேயர பழைய ரிசீவருக்குள்ளால (ஹோம் தியேட்டர்ட சத்தப் பொட்டி) ரீவிக்குக் குடுத்து படம் வராமக் கிடக்கு, கடைத் தம்பி வாங்க வந்தவருக்குச் சொல்றார், "நகல் பாதுகாப்பு இருக்கு அண்ண, உங்கட நகல் அழியாது" எண்டு. அந்தத் தம்பியில பிழையில்ல, மெனுவுல இருந்த தமிழ அப்பிடியே நம்பியிருக்கார்.

நடந்தது வேற. படத்தையும் சத்தத்தையும் கொண்டுபோற எச்டிஎம்ஐ வயருக்குள்ள எச்டிசிபி எண்டு ஒரு பூட்டு ஓடுது, இன்டெல் கொம்பனி உருவாக்கினது. ப்ளேயர் எதிர்ப்பக்கத்துச் சாமானுக்குள்ள சரியான ரகசியத் திறப்பு இருக்கா எண்டு சரி பாத்துத்தான் படத்தையும் சத்தத்தையும் விடும். 4கே படத்துக்கு பெரும்பாலும் எச்டிசிபிட 2.2 பதிப்பு வேணும், நடுவுல நிக்கிற ரிசீவர் பழசெண்டா கறுப்புத் திரைதான். இதுல எந்த நகலுக்கும் பாதுகாப்பு இல்ல, நகல் எடுக்கிறதுக்குத்தான் தடை.

சொல்லுட பிறப்பு சுருக்கமா: கொப்பி லத்தீன் "கோப்பியா"வுல இருந்து வந்தது, நிறைய எண்டு பொருள். நகல் அரபுச் சொல், உருது வழியா வந்து சேந்தது. நம்மட சொல் படி. கையெழுத்துப் படி, ஏட்டப் பாத்துப் படியெடுத்தல் எண்டெல்லாம் காலங்காலமா இருக்கு. கொப்பி எண்டா நமக்கு பள்ளிக்கூடக் கொப்பிதான் ஞாபகம் வரும், "கொப்பி பாதுகாப்பு" எண்டா அதுக்கு உறை போடுற மாதிரிக் கிடக்கு.

சில பேர் கேக்கிறாங்க, "தீப் பாதுகாப்பு" எண்டு சொல்றமே, தீயிலிருந்து பாதுகாப்பு எண்டுதானே விளங்குது, இதுவும் அப்பிடித்தானே எண்டு. இல்ல. தீய ஒருத்தரும் பாதுகாக்க நினைக்க மாட்டாங்க, அதால பிழையா விளங்க வழியில்ல. நகல் அப்பிடியில்ல, உறுதிட நகல், அடையாள அட்டைட நகல் எல்லாத்தையும் பத்திரமா வைக்கிற ஆக்கள் நாம, "நகல் பாதுகாப்பு" எண்டதும் மனசு நேரா அங்கதான் போகும். அதோட, வேண்டாததுக்கு எதிரா நிக்கிறதுக்கு தமிழ்ல "தடுப்பு", "தடை" எண்ட சொல் தயாரா இருக்கு. நோய்த்தடுப்பு ஊசி எண்டுறம், நோய்ப் பாதுகாப்பு ஊசி எண்டு எவர் சொல்லுவார்? மாரியில வாவி பெருகினா வெள்ளத் தடுப்பு எண்டுதான் நாம கதைக்கிறம்.

இன்னும் சில பேர் "பதிப்புரிமைப் பாதுகாப்பு" எண்டு எழுதுறாங்க, அது இன்னும் மோசம். பதிப்புரிமை சட்டத்துல உள்ளது, இலங்கையில 2003ட 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம். கருவிக்குள்ள இருக்கிற தடைக்கு உரிமை ஆருட எண்டு தெரியாது. சத்தத்த வெளிச்சமாக் கொண்டுபோற ஒப்டிகல் வயரப் பாருங்க, 1983ல தோஷிபா கொண்டுவந்தது. அதுல சத்தத்த அனுப்புற முறை எஸ்பிடிஐஎப், சோனியும் பிலிப்ஸும் சேந்து செஞ்சது. அதுல பூட்டே இல்ல, சத்தத்தோட "படியெடுக்கலாம், கூடாது" எண்டு சொல்ற குறி மட்டும் போகும், எஸ்சிஎம்எஸ் எண்டு பேர். மினிடிஸ்க் எண்ட சின்னத் தட்டுல சத்தம் பதியிற ரெக்கோடர் அதப் பாத்து படியிலிருந்து இன்னொரு படி எடுக்க விடாது. நம்மட ஊர் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்ட நீங்களே பதிஞ்சிருந்தாலும் அதேதான், உரிமைக்காரர் நீங்க எண்டு அதுக்கு ஆர் சொல்றது?

அதால படியெடுப்புத் தடை. நீளம் எண்டா நகல் தடுப்பு எண்டாவது போடுங்க. எச்டிசிபிய அப்பிடியே எச்டிசிபி எண்டு விடுங்க, அதுட முழுப்பேரத் தமிழாக்கி "உயர் பட்டையகல எண்மிய உள்ளடக்கப் பாதுகாப்பு" எண்டு இழுத்தா பொட்டியில அச்சடிச்ச பேரோட அதப் பொருத்திப் பாக்க ஒருத்தராலயும் ஏலாது. மெனு மொழிபெயர்க்கிற ஆக்களுக்கு சொல் பட்டியல் மட்டும் அனுப்பாம, அந்தச் சாமானயும் கையில குடுத்து, வயரச் செருகி ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க, மறுகா எழுதட்டும்.