ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் டிரில்லை வைக்கும் முன்

மெல்போர்னில் வெயில் ஏறத் தொடங்கினால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "அண்ணே, பழைய ஃபிரிட்ஜ் ஒன்றில் பீர் குழாய் வைக்க ஒரு சின்ன ஓட்டைதான் போட்டேன். இப்போது கூலிங்கே இல்லை. கேஸ் மட்டும் ஃபில் பண்ணித் தர முடியுமா?" இந்த வாரமும் ஒருவர் கேட்டார். அவருக்குப் போனில் சொன்னதையே எழுதியும் வைத்துவிடுகிறேன், அடுத்தவருக்காவது உதவட்டும்.

வீட்டில் பீர் காய்ச்சுவதை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு அது சட்டப்படி சரி. (சாராயம் வடிப்பது வேறு கதை, அதற்கு அனுமதி வேண்டும்.) 40 டிகிரி வெயிலில் ஈஸ்ட்டை 18–20 டிகிரியில் வைத்திருக்கப் பழைய ஃபிரிட்ஜை விட மலிவான வழியும் கிடையாது. என் கோபமெல்லாம் அந்த டிரில் மீதுதான்.

"குழாயெல்லாம் பின்பக்கம்தானே இருக்கும், பக்கவாட்டில் வெறும் பஃப்தானே (குளிர் காக்க அடைத்த நுரை)" என்கிறார்கள். முதுகில் கறுப்புக் கம்பி வலை மாட்டிய அந்தக் காலத்து ஃபிரிட்ஜைப் பார்த்து வந்த நினைப்பு இது. உங்கள் ஃபிரிட்ஜின் முதுகு மொழுமொழுவென்று இருக்கிறதா? அப்படியானால் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் குழாய் பெரும்பாலும் பக்கத் தகட்டுக்கு உள்ளேதான் ஒட்டியிருக்கும். கதவுச் சட்டத்தில் வியர்க்காமல் இருக்க அதைச் சுற்றியும் ஒரு சூடான குழாயை ஓடவிடுவார்கள். பெட்டி மாதிரி மேலே திறக்கும் ஃப்ரீசரில் இன்னும் மோசம். குளிரும் குழாய் உள்சுவரைச் சுற்றிவரும், சூடாகும் குழாய் வெளிச்சுவரைச் சுற்றிவரும். அதன் நான்கு சுவரிலும் டிரில் வைக்க எனக்கே தைரியம் வராது.

"உஸ் என்று சத்தமே வரவில்லையே, குழாயில் பட்டிருக்காது" என்பது அடுத்த சமாதானம். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் குளிரூட்டும் கேஸ் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். கம்ப்ரசர் ஓடும்போது குளிரும் பக்கத்துக் குழாயில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே சீறாது, ஈரக்காற்று உள்ளே போகும். கேபிலரி என்னும் மயிரிழைக் குழாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். சத்தம் கேட்கவில்லை என்பது எதற்கும் அத்தாட்சி இல்லை.

அப்புறம் அந்த "கேஸ் மட்டும் ஃபில்" விவகாரம். ஓட்டையை அடைக்காமல் எதில் ஃபில் செய்வது? குழாய் பஃப்புக்குள் புதைந்து கிடக்கிறது. குழாயைப் பற்றவைக்கும் பிரேசிங் டார்ச்சை அங்கே கொண்டுபோனால் பஃப் பற்றிக்கொள்ளும். சுவரைப் பிளந்து, குழாயை மாற்றி, ஈரம் உறிஞ்சும் டிரையர் மாற்றி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து (வேக்வம்), கேஸ் ஏற்றி... அந்தப் பணத்தில் வேறொரு பழைய ஃபிரிட்ஜே வாங்கலாம்.

சரி, பீர் குழாய் வைத்தே ஆகவேண்டுமா? கதவில் வையுங்கள். கதவுக்குள் கேஸ் குழாய் கிடையாது. டிஸ்ப்ளே, தண்ணீர் வசதி உள்ள கதவென்றால் வயர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி ஃப்ரீசர் என்றால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் துளை போடுங்கள். பீரை வெளியே தள்ளும் கரியமில வாயு சிலிண்டரை உள்ளேயே வைத்துவிட்டால் அதன் லைனுக்குத் தனி ஓட்டை தேவையே இல்லை. பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரியும் இடத்தை விட்டுவிட்டுத் துளைக்கலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். அது சூடான குழாயை மட்டும்தான் காட்டும், குளிர்ந்த குழாயைக் காட்டாது.

தெர்மோஸ்டாட்டை வெட்டி வயரை நேரடியாக முறுக்கிவிடும் வேலையெல்லாம் வேண்டாம். பிளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே மாட்டும் வெப்பநிலை கன்ட்ரோலர் கடையில் கிடைக்கிறது, அது போதும். கம்ப்ரசர் நின்றபின் மறுபடி ஓட 3 நிமிடமாவது தாமதம் வையுங்கள், 5 என்றால் இன்னும் நல்லது. சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். நொதிக்கும் பீர் தானே சூடாகும், சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். சென்சாரைப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டி மேலே ஒரு ஸ்பாஞ்சை வைத்துக் கட்டுங்கள். பீருக்கும் நல்லது, கம்ப்ரசரும் சும்மா சும்மா ஆன் ஆஃப் ஆகாது.

கரியமில வாயு சிலிண்டரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2.6 கிலோ சிலிண்டர் முழுதாகக் கசிந்தால் ஏறக்குறைய 1,400 லிட்டர் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறையைக் கதவு சாத்தி வைத்திருந்தால் அங்கே அது 6 சதவீதத்தைத் தொட்டுவிடும். 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். படுக்கையறையிலோ நிலவறையிலோ இந்த ஃபிரிட்ஜ் வேண்டாம். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அழகுக்காக 1950-களின் வளைவான ஃபிரிட்ஜைத் தேடி வாங்குகிறீர்கள். அதன் கதவு காந்தத்தில் ஒட்டுவதில்லை, கொக்கியில் பூட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தையால் திறக்க முடியாது. இப்படிக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956-இல் தனிச் சட்டமே போட்டார்கள். வாங்கிவந்த அன்றே, பீர் பாத்திரத்தை வைப்பதற்கு முன்னாலேயே, அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டுக் காந்த ரப்பர் போடுங்கள். பெட்டி ஃப்ரீசரின் பூட்டுக்கும் இதேதான்.

ஏற்கெனவே துளைத்து, ஏதோ சீறிவிட்டதா? டிரில்லை அப்படியே விடுங்கள். பக்கத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், சிகரெட் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் மெயினை அணையுங்கள். எனக்கு அதற்கப்புறம் போன் செய்தால் போதும்.