ரூபி பொத்தென்று விழுந்தால் குற்றவாளி யார்?

ரூபி என்ற நிரல்மொழியில் பிழை வந்தால் பொதுவாக அது ஒழுங்காகச் சொல்லிவிட்டு வரும். எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்டும். பிழையைப் பிடிக்கும் ரெஸ்க்யூ பகுதியை எழுதி வைத்திருந்தால் நிரல் மேலே ஓடும். செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை நிரல் தொடுவதால் வரும் பிழை, வேறு ரகம். எந்த ரெஸ்க்யூவுக்கும் அது பிடிபடாது. நீளமான ஓர் அறிக்கையைத் திரையில் கொட்டிவிட்டு மொத்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) போய்விடும்.

ரூபி நம்மை நினைவகத்தில் நேரடியாகக் கைவைக்க விடுவதில்லை. கைவைப்பவை, சி அல்லது சி++ மொழியில் எழுதி கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) ஜெம்கள், அதாவது ரூபியோடு சேர்த்துக்கொள்ளும் துணைப் பொதிகள்: நோக்கோகிரி, ஆர்மேஜிக், மைஎஸ்க்யூஎல்2 போன்றவை. இவற்றுக்கும் பின்னால் உண்மையான வேலையைச் செய்வது எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 மாதிரி ஒரு சி லைப்ரரி. இரண்டு ஜெம்கள் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு பதிப்புகளை எதிர்பார்க்கும்போதுதான் வம்பு.

லினக்ஸில், ஒரு லைப்ரரி ஏற்கெனவே ப்ராசஸுக்குள் ஏறியிருந்தால், அதே பெயரில் இன்னொன்றை லோடர் (லைப்ரரிகளை ஏற்றும் பகுதி) வழக்கமாக ஏற்றாது. முதலில் வந்ததே எல்லாருக்கும். புதிய பதிப்பை வைத்து கம்பைல் ஆன நோக்கோகிரிக்கு, ஆர்மேஜிக் முந்திக்கொண்டு இழுத்து வந்த பழைய பதிப்பு கிடைக்கலாம். ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினால் கிராஷ் மறைந்துவிடுவது இதனால்தான். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தீர்வு அல்ல, அன்றைய அதிர்ஷ்டம்.

பதிப்பு மாறினால் ஏன் விழ வேண்டும்? சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்டின் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) உறுப்புகளுக்குப் பெயர் இருப்பது கம்பைல் ஆகும் வரைக்கும்தான். அப்புறம் 'இத்தனையாவது பைட்' என்ற எண் மட்டுமே மிஞ்சும். பழைய லைப்ரரி 100 பைட் ஒதுக்கியிருக்கிறது, புதிய பதிப்பில் கடைசியாக ஓர் உறுப்பு கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெம் 104ஆவது பைட்டில் எழுதும். அது அடுத்தவருடைய இடம்.

உடனே விழுந்தால்கூடப் பரவாயில்லை. கெட்டுப்போன அந்த இடத்தை, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பானோ வேறு ஏதோ ஒரு நிரல்துண்டோ போய்த் தொடும் வரை எல்லாம் நன்றாகவே ஓடும். கடைசியில் அறிக்கை காட்டும் ரூபி வரி, இரண்டு எழுத்துச்சரங்களை ஒட்டும் அப்பாவி வரியாக இருக்கும்.

அதனால் அறிக்கையைக் கீழிருந்து படிப்பது நல்லது. லினக்ஸில் அதன் கடைசியில் ப்ராசஸின் நினைவக வரைபடம் இருக்கும். ஏறிய ஒவ்வொரு லைப்ரரியும் எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று அதில் தெரியும். ஒரே லைப்ரரி இரண்டு பதிப்புகளில் இருக்கிறதா, எதிர்பாராத பாதையிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, சி அளவிலான பேக்ட்ரேஸ், அதாவது எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல். நோக்கோகிரிக்குக் குறுக்குவழியே உண்டு: அதன் பதிப்பைக் கேட்டால், கம்பைல் ஆன லைப்ரரியையும் இப்போது ஏறியிருக்கும் லைப்ரரியையும் தனித்தனியாகச் சொல்லும். ஒரு கோப்புக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரு கோப்பைத் தனியாகப் பார்க்கிறது. இன்னொரு ஜெம் முன்பே எதை ஏற்றியது என்பது அதற்குத் தெரியாது.

ரூபியையோ இயங்குதளத்தையோ மேம்படுத்திய பிறகு வந்த கிராஷ் என்றால், முதலில் 'பண்டில் ப்ரிஸ்டைன்' ஓட்டுங்கள். ஜெம்கள் மறுபடி கம்பைல் ஆகும். அதற்கும் அடங்காவிட்டால், மோதும் ஜெம்கள் எல்லாவற்றையும் கணினியில் உள்ள ஒரே லைப்ரரியை வைத்து கம்பைல் செய்ய வேண்டும். நோக்கோகிரி 1.6 முதல் தனக்கான லிப்எக்ஸ்எம்எல்2-ஐத் தானே சுமந்து வருகிறது, லினக்ஸில் 1.11 முதல் முன்பே கம்பைல் ஆன ஜெம்மாகவும் கிடைக்கிறது. மோதல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அப்படி உள்ளேயே பொதிந்த லைப்ரரி வரைபடத்தில் தன் பெயரில் தென்படாது. அதைத் தேட, கோப்புக்குள் உள்ள செயல்கூறுகளின் பெயர்களைக் காட்டும் என்எம் கட்டளையால் ஜெம்மின் கம்பைல் ஆன கோப்பையே திறந்து பார்க்க வேண்டும்.