பாபநாசத்தில் விட்ட சேலை எங்கே போகும்?

போன அமாவாசைக்கு மறுநாள் மாணவர்களோடு தாமிரபரணியின் பாபநாசம் படித்துறைக்குப் போய், தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் ஆற்றில் விட்டுப்போன துணியை மறுபடியும் பொறுக்கினோம். கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிற எனக்கு இது பழகிய வேலை. "துணிதான சார், மக்கிப் போயிரும்லா" என்ற பேச்சும் பழகியதுதான். இந்த முறை அதைச் சொன்னவன் என்னிடம் படித்தவன். வளங்குன்றா வளர்ச்சி பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன், அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வேட்டியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தான். பாடம் நடத்தியவனுக்கு உறைக்காமல் இருக்குமா?

மக்காது. இன்று கடையில் வாங்குகிற சேலை, சட்டை, நைட்டியில் பல பாலியஸ்டர், இல்லையென்றால் பாலியஸ்டர் கலந்த பருத்தி. உலகத்தில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்தான். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பெட் (PET) பிளாஸ்டிக்கைத்தான் நூலாக இழுத்திருக்கிறார்கள். பாட்டிலை ஆற்றில் எறியக் கூசுகிறவர்கள் சேலையைக் கும்பிட்டு விடுகிறார்கள். சந்தேகம் என்றால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகும், ஆறியதும் நுனியில் கெட்டி மணியாக நிற்கும். "என் வேட்டி சுத்தப் பருத்தி" என்கிறீர்களா? காற்றில்லாத சேற்றில் புதைந்தால் அதுவும் மக்க நாளாகும். அதற்குள் அடுத்த அமாவாசைத் துணி மேலே வந்து விழும்.

ஆறு அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். எங்கே? கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று வழியெல்லாம் அணைக்கட்டு. பாறையில் சுற்றும், மடையில் அடைக்கும். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

ஒருநாள் வந்து துணி அள்ளி, படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுகிற நிறுவனங்களே, அள்ளிய துணி எங்கே போனது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மணலேறிய கலப்புத் துணியை மறுசுழற்சிக்கு எளிதில் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஆடி அமாவாசைக்கு வாருங்கள், ஆசை தீர முங்கிக் குளியுங்கள். வரும்போதே ஒரு வாளி கொண்டுவாருங்கள். ஈரத்துணியைப் பிழிந்து அதில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஷாம்பு பாக்கெட்டும் அதோடு போகட்டும், எத்தனை தடவை சொல்வது! எங்கள் ஆச்சி ஆற்றுக்குப் போனால் கட்டிய சேலையைக் கரையிலேயே காயப்போட்டுத்தான் திரும்புவாள். அது நைந்தபின் தொட்டிலாகும், அப்புறம் கரித்துணி. பக்கத்தில் யாராவது துணியை ஆற்றில் விடப் போனால், சண்டை வேண்டாம். "அண்ணாச்சி, வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது பலர் கையை இழுத்துக்கொண்டார்கள்.