தண்ணீர் தெளிந்துவிட்டது, மண் எங்கே போனது?

நீலகிரி ஓடைகளில் பூச்சிகளை எடுத்து ஆராய்வது என் வேலை. "மழைக்குக் கலங்கும் சார், நாலு நாளில் தெளிஞ்சிடும்" என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தெளிவது உண்மைதான். ஆனால் கலங்கிய மண்ணில் ஒரு பங்கு ஓடையிலேயே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தங்கிவிடுகிறது. ஓடைப் பூச்சிகள் குடியிருப்பதும் அந்த இடுக்கில்தான்.

நல்ல ஓடையில், தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். தட்டையான மேஃபிளை இளம்பூச்சி கல்லோடு ஒட்டியபடியே மறுபக்கம் நகரும். பெரும்பாலும் மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் மெல்லிய செவுள்கள். பக்கத்தில் கேடிஸ் புழு இழையால் வலை கட்டி, மிதந்து வரும் துணுக்குகளைப் பிடித்துத் தின்னும். இரண்டு வால் உள்ள ஸ்டோன்ஃபிளை கிடைத்தால் எனக்கு நிம்மதி. பிராணவாயு நிறைந்த நீரில்தான் அது தங்கும், பல மாதம் அங்கேயே வளரும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்து நிலையை மட்டும் காட்டும். போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்ட கழிவு, இந்தப் பூச்சிகள் காணாமல் போவதில் தெரிந்துவிடும்.

சாக்கடை கலந்தால் அடையாளம் சுலபம். பிராணவாயு குறையும், மேலே சொன்ன மூன்றும் மறையும், ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய புழுவும் பெருகும். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் தாக்குப்பிடிக்கின்றன. சிவப்பு நிறமும் அதனால்தான்.

மண் அப்படி இல்லை. நாற்றம் கிடையாது, நீரிலுள்ள கழிவு எவ்வளவு பிராணவாயுவை இழுக்கும் என்று பார்க்கும் பிஓடி சோதனையிலும் பெரும்பாலும் தேறிவிடும். சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்த கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், கேரட் கழுவிய சேற்றுநீர், சாலைக்கு வெட்டித் தள்ளிய மண் எல்லாம் சேர்ந்து இடுக்குகளை அடைக்கின்றன. கேடிஸ் வலை அடைபடுகிறது. பாசியைச் சுரண்டித் தின்பவை பட்டினி. பல பூச்சிகள் பிடியை விட்டு ஓட்டத்தோடு போய்விடுகின்றன.

அப்புறம் மிஞ்சுவது யார்? கேனிஸ் என்ற சின்ன மேஃபிளை. லென்ஸில் பார்த்தால், அதன் ஒரு ஜோடிச் செவுள் அகன்று கதவுபோல மற்றச் செவுள்களை மூடியிருக்கும், மண் படியாமல். இங்கேதான் கணக்கு ஏமாற்றும். பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி முறையில் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். தட்டை மேஃபிளைக்கு 10, கேனிஸ் குடும்பத்துக்கு 7. அந்த முறை சாக்கடை மாதிரியான கரிமக் கழிவை மனதில் வைத்து வந்தது, சேற்றை வைத்து அல்ல. மண் மூடிய ஓடைகூட அதில் ஓரளவு மார்க் வாங்கிவிடும். அதனால் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், யார் இல்லை என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன்.

விவசாயிகளிடம் நான் கேட்பது இரண்டுதான். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, ஓடைக்கரையில் புல்லை விட்டுவையுங்கள். கேரட் கழுவிய நீரைக் குழியில் தேக்கி, மண் படிந்த பிறகு வெளியே விடுங்கள். பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. தோட்டத்துக்கு மேலே சில கல், கீழே சில கல் புரட்டிப் பார்த்து, அப்படியே திரும்ப வையுங்கள். மேலே இருக்கிற தட்டைப் பூச்சி கீழே இல்லையென்றால், நடுவில் மண் எங்கே இறங்குகிறது என்று கரையோரம் நடந்து தேடுங்கள்.